விழாத நாட்கள்

போர்டைத்தான பாக்கறீங்க அம்மிணி. இங்க வர்றவங்க எல்லாரும் மொதல்ல அதைத்தான் பாப்பாங்க. விழாத நாட்கள், ஐநூத்திப் பன்னண்டு. ஆமாங்க, ஐநூத்திப் பன்னண்டு நாளா இந்த இல்லத்துல ஒரு பெரியவங்ககூடக் கீழ விழுகலை. காலையில வந்ததும் பழைய நம்பரை அழிச்சுட்டுப் புது நம்பர் எழுதறது நாந்தான். என்ற கையெழுத்து குண்டு குண்டா நல்லாருக்குதுன்னு மேனேஜர் அந்த வேலைய எங்கிட்டக் குடுத்துட்டாரு.

உக்காருங்க. மேனேஜர் கோயமுத்தூருக்கு மருந்து வாங்கப் போயிருக்காரு, வர்றதுக்கு ஒரு மணி நேரம் ஆகும். நான் இந்தப் போர்வையெல்லாம் மடிச்சுக்கிட்டே பேசறேன், தப்பா நெனைக்காதீங்க. வர்றவங்கள மேடம்னு கூப்புடச் சொல்லியிருக்காங்க, எனக்கு வாயில அம்மிணின்னுதான் வருது. ஆரைச் சேக்கறதுக்குங்க? அம்மாவையா. வயசு எழுவத்தி நாலா. நடக்கறாங்களா? செவுத்தைப் புடிச்சுட்டு நடக்கறாங்க. செரி.

என்ற பேரு வசந்தாமணி. இருவத்திரண்டு வருசம் மில்லுல இருந்தேன். மில்லை மூடினதும் இங்க வந்துட்டேன். பெரியவங்களுக்குக் குளிக்க ஊத்தி, சோறு ஊட்டி, துணி மாத்தி விடற வேலை. ஆறு வருசம் ஆச்சு. ஒருத்தரை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்லை, ஒருத்தர் மேல கை ஓங்கினதில்லை. வேணும்னா உள்ள போய் ஆரை வேணாலும் கேட்டுப் பாருங்க. என்னைப் பத்தி ஒரு குத்தம் சொல்ல மாட்டாங்க. அதுதானுங்க எனக்கு இப்பப் பெரிய பாரமா இருக்குது.

மேனேஜரும் மில்லுல இருந்து வந்தவருதான். அங்க விபத்து நடக்காமப் பாத்துக்கற ஆபீசர். மில்லு வாசல்ல இந்த மாதிரி ஒரு போர்டு இருக்கும், விபத்தில்லாத நாட்கள்னு. ஆருக்காச்சும் வெரல் போயிருச்சுன்னா மறுநாள் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிப்பாங்க. அதே பழக்கத்துல இங்கேயும் மாட்டிட்டாரு. நல்ல மனுசனுங்க, கெட்ட பேச்சு ஒண்ணு வராது. பெரியவங்களுக்கு இடுப்பு உடைஞ்சா அப்பறம் எந்திரிக்கறதே இல்லை, அதனால விழுகாமப் பாத்துக்கறதுதான் நம்ம மொத வேலைன்னாரு. அதுல என்ன தப்புங்க?

ஆனா ஒண்ணு. ஆரு பொறுப்புல இருக்கற பெரியவங்க விழுகறாங்களோ, அந்த ஆளே எல்லார் முன்னாலயும் போர்டை அழிக்கோணும். மொதத் தடவை போர்டு அறுவத்தி ஒண்ணுல இருந்தப்ப, ராஜாமணி அக்கா பாத்துட்டிருந்த ஒரு பாட்டிம்மா குளியலறையில வழுக்கிருச்சு. பாட்டிம்மாவுக்கு ஒண்ணும் ஆகலை, முட்டியில சிராய்ப்புத்தான். ராஜாமணி அக்கா அழுதுட்டே துணிய வெச்சு அழிச்சாங்க. நாங்க பதிமூணு பேரும் வரிசையா நின்னு பாத்தோம். அன்னைக்கு மேனேஜர் சொன்னாரு, இனி ஒரு வருசம் ஒருத்தரும் விழுகலைன்னா உங்க எல்லாரையும் வண்டி வெச்சுக் கன்னியாகுமரி கூட்டிட்டுப் போறேன், ரெண்டு நாளு, தங்கற எடம் சாப்பாடு எல்லாம் நம்ம செலவுன்னு.

எனக்கு நாப்பத்தொம்பது வயசுங்க அம்மிணி. கடல் பாத்ததில்லை. டிவியில பாத்திருக்கேன், அவ்வளவுதான். கல்யாணம் ஆன புதுசுல ராமேசுவரம் போலாம்னு சொன்னாரு எங்கூட்டுக்காரரு. அவரும் போய்ச் சேந்துட்டாரு. அப்படியே போயிருச்சு.

கொஞ்சம் இருங்க. மாராத்தாம்மா, எந்திரிக்காதீங்க, உக்காருங்க. என்ன வேணும்? தண்ணியா? நான் கொண்டாறேன், நீங்க கால அசைக்காதீங்க.

எங்க விட்டேன்? ஆங். அந்த வருசம் ஆவணியிலதான் நாச்சிமுத்து ஐயா வந்தாரு. அப்ப எழுவத்தொம்பது வயசு. கரண்டு ஆபீசுல வீடு வீடாப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தவரு, முப்பத்தி மூணு வருசம். பையன் நந்தகோபால் கனடாவுல இருக்கறான். சம்சாரம் தவறிப் போயி ஒரு வருசமாத் தனியாச் சமைச்சுத் தின்னுட்டிருந்தவரை, பையன் வந்து இங்க உட்டுட்டுப் போனான். கைத்தடியோட அந்தக் கேட்டுல இருந்து நடந்தேதான் வந்தாரு. கெண்டைக்கால்ல ரெண்டு எடத்துல நாய் கடிச்ச தழும்பு. கேட்டா, ஒண்ணு சவுரிபாளையம், ஒண்ணு பீளமேடும்பாரு. கடிச்ச நாயி வீட்டுக்கும் மறு மாசம் போய் ரீடிங் எடுத்துட்டுத்தான் வந்தேன்னு சொல்லிச் சிரிப்பாரு. நையாண்டி புடிச்ச மனுசன்.

சமையக்கட்டுக்குப் பின்னால செவுத்துல நம்ம மீட்டர் இருக்குதுங்க. அன்னாடும் காலையில டீ குடிச்சதும் தடிய ஊனிட்டு அங்க போவாரு. போக நூத்திப் பத்தடி, வர நூத்திப் பத்தடி. அவரே எண்ணிச் சொன்னதுதான். மீட்டரைப் பாத்து ஒரு சின்ன நோட்டுல எழுதிக்குவாரு. வந்து எங்ககிட்ட, நேத்து உங்க ஆளுக கீசர நிறுத்தாம உட்டுட்டாங்கம்பாரு. செரியாத்தான் இருக்கும். மேனேஜருக்கே சிரிப்பு. ஆனா அவரு நடக்கறப்ப லேசா எடப்பக்கம் சாயுவாரு. அதப் பாக்கறப்பல்லாம் நான் கையில இருக்கறதப் போட்டுட்டு அவரு பின்னால ஓடுவேன். அவரு என்ற பொறுப்பு. போர்டுல அப்ப நூத்தி நாப்பதோ என்னமோ.

மொதல்ல தடியத்தான் வாங்கி வெச்சேன். புடுங்கலீங்க, கேட்டுத்தான் வாங்கினேன். ஐயா, நான் வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன், தனியா வேண்டாம்னு சொல்லி என்ற அலமாரியில வெச்சுப் பூட்டினேன். ஒரு வாரம் கூட்டிட்டும் போனேன். எனக்கு ஒம்பது பேருங்க அம்மிணி. காலையில ஒம்பது பேருக்கும் மூத்திரத் துணி மாத்தி, பல்லு வெளக்கி உடறதுக்குள்ள மணி பத்தாயிரும். அப்பறம் ஒரு நாளு சொன்னேன், ஐயா நீங்க உக்காருங்க, நான் போய்ப் பாத்து நம்பரச் சொல்றேன்னு. உனக்கெதுக்கும்மா செரமம்னாரு. செரமம் என்னங்க, உங்களுக்காகன்னேன். அவரு உக்காந்துட்டாரு. நாம அன்பாச் சொன்னா அவங்க தட்ட மாட்டாங்க.

முன்னால பலகை வெச்ச சேரு இருக்குது பாருங்க, அதுல உக்கார வெப்போம். பலகையப் போட்டுட்டா அவங்களாத் தள்ளிட்டு எந்திரிக்க முடியாது. கட்டிப் போடறதில்லீங்க. கட்டறது பாவம். பலகைதான். அது மேல நோட்டு, கண்ணாடி, டீ டம்ளரு எல்லாம் வெச்சுக்கலாம். எதுக்க டிவி. நான் போய் மீட்டரைப் பாத்துட்டு வந்து சொல்லுவேன், அவரு எழுதிக்குவாரு.

மார்கழியில டாக்டரம்மா வந்தாங்க. மாசத்துக்கு ஒருக்கா வருவாங்க. ஐயா தொடையப் புடிச்சுப் பாத்துட்டு, என்ன இவரு இப்படி எளைச்சுட்டாரு, இவரு நடந்துட்டுத்தான வந்தாரு, அன்னாடும் நடக்க உடுங்கன்னாங்க. செரிங்கன்னேன். அப்ப போர்டுல எரநூத்தி அம்பது தாண்டிருச்சு. செரிங்கன்னு சொன்னேனே ஒழிய உடலை. அப்பவே அவரை நிக்க வெக்க ரெண்டு பேரு வேணுமாயிருச்சு. இப்பப் போய் நடக்க உட்டா உழுந்துருவாரே. நீங்களே சொல்லுங்க, உடுவீங்களா? டாக்டரம்மா இப்ப என்ன சொல்றாங்கன்னா, நீங்க நடக்க உடாததுதான் தப்புங்கறாங்க. நான் அத ஒத்துக்க மாட்டேனுங்க. நான் பண்ணின தப்பு வேற. அதைச் சொல்லத்தான் வர்றேன்.

மாசியில ஒரு நாளு ரெண்டு பேரு லீவு. எனக்குத் தலைக்கு மேல வேலை. மீட்டர்கிட்டப் போக முடியலை. ஐயா கேட்டாரு, இன்னைக்கு எவ்வளவும்மான்னு. வாயில வந்ததச் சொன்னேன். நாப்பத்தேழாயிரத்து எண்ணூத்தி இருவதுங்கன்னு. அவரு நோட்டைப் பாத்தாரு. கண்ணாடியக் கழட்டி, தொடைச்சு, மறுபடியும் போட்டுப் பாத்தாரு.

"நேத்து எண்ணூத்தி அறுவது. மீட்டர் பின்னால ஓடாது வசந்தாமணி"ன்னாரு.

அவ்வளவுதான் சொன்னாரு. கோவிச்சுக்கலை. நோட்டை மூடிப் பையில வெச்சுட்டாரு. மறுநாளு நான் நெசமாவே ஓடிப்போய்ப் பாத்துட்டு வந்து சொன்னேன். எழுதலை. அதுக்கு மறுநாளும் சொன்னேன். டிவியப் பாத்துட்டிருந்தாரு. அதுக்கப்பறம் கேக்கறதையே உட்டுட்டாரு. நானும், செரி, தொல்லை உட்டுச்சுன்னு நெனைச்சுக்கிட்டேன். நெசமாச் சொல்றேனுங்க, அப்படித்தான் நெனைச்சேன்.

சித்திரையில போர்டு முந்நூத்தி அறுவத்தி ஒண்ணு. இன்னும் நாலு நாளு. ராஜாமணி அக்கா புதுச் செருப்பே வாங்கிட்டாங்க. நான் அந்த மத்தியானம் சோத்தத் தின்னுட்டுக் கை கழுவ சமையக்கட்டுப் பின்கதவத் தொறக்கறேன், ஐயா கீழ கெடக்கறாரு. அன்னைக்குச் சாப்பாட்டுத் தட்டை எடுத்தவ பலகையத் திருப்பிப் போட மறந்துட்டா. நானும் பாக்கலை. தடியில்லாம, செவுத்தைப் புடிச்சுப் புடிச்சு, நூத்திப் பத்தடி வந்திருக்காரு. ஆறேழு மாசமா நடக்காத மனுசன்.

வேட்டி அவுந்து கெடக்குது. ஒரு காலு வெளிப்பக்கமாத் திரும்பியிருக்குது. அந்த ஆளு மொகத்துல சிரிப்புங்க அம்மிணி. பாத்துட்டேன்னாரு. என்னதுங்கன்னேன். நாப்பத்தொம்பதாயிரத்து நூத்தி ஏழு, எழுதிக்கோன்னாரு.

நான் என்ன பண்ணியிருக்கோணும்? கத்தியிருக்கோணும். ஆளக் கூப்புட்டிருக்கோணும். கூப்புடலை. மொதல்ல அக்கம்பக்கம் பாத்தேன். ஆரும் இல்லை, எல்லாரும் சோறு தின்னுட்டிருக்காங்க. அவரக் கக்கத்துல கை குடுத்துத் தூக்கி, அழுக்குத் துணி தள்ளற வண்டியில உக்கார வெச்சு, ரூமுக்குத் தள்ளிட்டுப் போய்க் கட்டல்ல போட்டேன். மூட்டை கணக்காவும் கனமில்லை அவரு. போடறப்ப ஒரு சத்தம் வந்துச்சு அவர் வாயில இருந்து. அதுக்கப்பறம் வரலை, பல்லக் கடிச்சுக்கிட்டாரு.

ஐயா, ஆருகிட்டயும் சொல்லிறாதீங்கன்னேன். இன்னும் நாலே நாளுங்கன்னேன். என்ன நாலு நாளுன்னாரு. போர்டு, வண்டி, கன்னியாகுமரி எல்லாம் சொன்னேன். போர்டப் பாத்திருக்காரே ஒழிய, அவருக்கு மத்ததெல்லாம் ஒண்ணுமே தெரியாதுங்க. தன்னை எதுக்கு அத்தன நாளும் உக்கார வெச்சிருந்தோம்ங்கறது அன்னைக்குத்தான் தெரியும் அவருக்கு.

"நீ கடல் பாத்ததே இல்லையா?"ன்னாரு.

இல்லீங்கன்னேன்.

"உழுந்தவன் நானு. போர்டு உன்னுது. உம்பாட்டுக்கு எழுதிக்கோ. போயிட்டு வா."

மறுநாளு காலையில முந்நூத்தி அறுவத்தி ரெண்டுன்னு எழுதினேன். எப்பவும் போலக் குண்டு குண்டாத்தான் வந்துச்சு. காய்ச்சல் மாத்திர எங்கிட்ட இருந்துச்சு, அதக் காலையில ஒண்ணு ராத்திரிக்கு ஒண்ணு குடுத்தேன். திருப்பிப் படுக்க வெச்சா மொகமெல்லாம் வேர்த்து ஊத்துது அவருக்கு. அதனால ஐயாவுக்கு வவுறு செரியில்லை, ஆரும் திருப்ப வேண்டாம், நான் பாத்துக்கறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஆறு வருசமா நல்ல பேரு எடுத்து வெச்சிருந்தேனல்லங்க, ஒருத்தரும் ஏன்னு கேக்கலை. அஞ்சாம் நாளு விடியால, ஐயாவுக்குக் கஞ்சியும் மாத்திரையும் மட்டும் குடுங்க, திருப்பாதீங்கன்னு இங்க இருக்கறவங்ககிட்டச் சொல்லிட்டு, மொத வண்டியில போயிட்டேன். பாதிப் பேரு மொத வண்டி, பாதிப் பேரு அடுத்த வாரம். நான் பேரக் குடுத்து மொத வண்டியிலயே எடம் புடிச்சேன்.

போற வழியெல்லாம் அழுதுட்டே போனேன்னு சொன்னா நல்லா இருக்கும். சொன்னா நம்பவும் நம்புவீங்க. அழுகலீங்க. பாட்டுப் பாடிட்டுப் போனோம். கடலப் பாத்ததும் எனக்கு ஒடம்பெல்லாம் என்னமோ பண்ணிருச்சு. சீலைய முட்டி வரைக்கும் தூக்கிச் சொருகிட்டு அலையில எறங்கினேன். உட்டு வாறதுக்கு மனசே இல்லை. ராஜாமணி அக்கா வந்து இழுத்துட்டுப் போனாங்க. சோளக் கருது தின்னோம், சங்குல பேரு எழுதி வாங்கினோம், போட்டா எடுத்தோம். அந்த ரெண்டு நாள்ல நாச்சிமுத்து ஐயாவ நான் ஒரு தடவ கூட நெனைக்கலை. ஒரே ஒரு தடவ கூட. மறைச்சதக் கூட எப்படியோ எனக்கு நானே சமாதானம் சொல்லிக்குவேன் அம்மிணி. பொழப்பு, பயம், அவரே போன்னு சொன்னாரு, இப்படி எதையாச்சும். இதுக்கு எதைச் சொல்றது? நான் சந்தோசமா இருந்தேனுங்க. என்ற ஆயுசுலயே அவ்வளவு சந்தோசமா நான் இருந்ததில்லை.

திரும்பி வந்ததும் அவர்கிட்டத்தான் போனேன். கடல் எப்படின்னாரு. பக்கத்துல உக்காந்து எல்லாம் சொன்னேன். அலையில எறங்கினது, சங்கு, சோளக் கருது, ஒண்ணு விடாம. கண்ண மூடிட்டுக் கேட்டாரு. கட்டல் கம்பிய இறுக்கிப் புடிச்சுட்டே கேட்டாரு. அவரும் மனசுக்குள்ள கடலப் பாக்கறாருன்னு நெனைச்சேன் நான். கையத் தொட்டுப் பாத்தா அனல். அப்பறந்தான் மேனேஜரக் கூப்புட்டேன்.

ஆசுபத்திரியில படம் புடிச்சுட்டு, இடுப்பு உடைஞ்சு ஏழெட்டு நாளாச்சே, எப்ப உழுந்தாருன்னு கேட்டாங்க. மேனேஜர், உழுகவே இல்லைங்க, எங்க இல்லத்துல ஒரு வருசமா ஆரும் உழுகலைன்னு சத்தியம் பண்றாரு. நான் பக்கத்துல நிக்கறேன். டாக்டர் ஐயாவையே கேட்டாரு. எங்கேயும் உழுகலைங்க, வயசான எலும்புன்னாரு அவரு. கெடையா இருந்தா எலும்பு அரிசிப் பொரி கணக்கா ஆயிரும், திருப்பறப்பக் கூட உடையும்னு டாக்டர் சொன்னாரு. மேனேஜருக்கு மொகம் தெளிஞ்சுருச்சு. தானா உடைஞ்சது, அப்ப போர்டு அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டாரு. ஆபரேசன் இதயம் தாங்காதுன்னுட்டாங்க. கூட்டிட்டு வந்துட்டோம்.

இருக்கறாருங்க. ஒம்பதாம் நம்பர் ரூமு. அஞ்சு மாசமாக் கெடையாத்தான் கெடக்கறாரு. முதுகுல புண்ணு, ரெண்டு நேரமும் நாந்தான் மருந்து போடறேன். வேற ஆரையும் தொட உடறதில்லை. சோறு ஊட்டினா நாலு வாய் வாங்குவாரு. மீட்டரப் பத்திப் பேச மாட்டாரு. நானே ஒரு நாளு ஆசையாப் போய்ப் பாத்துட்டு வந்து நம்பரச் சொன்னேன். உனக்கு வேற வேலை இல்லையான்னாரு.

உங்கம்மா செவுத்தப் புடிச்சுட்டு நடக்கறாங்கன்னு சொன்னீங்களே, அதனாலதான் இத்தனையும் சொன்னேன். நல்ல எடந்தாங்க இது. சாப்பாடு சுத்தம், நேரத்துக்கு மருந்து. சேத்துறதுன்னா சேத்துங்க. ஆனா வசந்தாமணி கையில மட்டும் உடாதீங்கன்னு மேனேஜர்கிட்டச் சொல்லிருங்க. ஏன்னு கேட்டா எதையாச்சும் சொல்லிக்குங்க. நான் சொன்னதச் சொன்னாலும் செரி. இல்லை, வேண்டாம், சொல்லிறாதீங்க. எனக்கே தெரியலை என்ன சொல்றதுன்னு. ஆருகிட்டயும் சொல்லாதவ இன்னைக்கு உங்ககிட்ட வந்து ஏன் கொட்டறான்னு பாக்கறீங்க. நேத்து ஞாயித்துக்கிழமைங்க.

ஞாயித்துக்கிழம காலையில கனடாவுல இருந்து பையன் வீடியோவுல வருவான். எலும்பு தானா உடைஞ்சதுன்னுதான் மேனேஜர் அவனுக்கும் சொல்லியிருக்காரு. ஐயாவால போனப் புடிக்க முடியாது, நாந்தான் அவரு மொகத்துக்கு நேரா ரெண்டு கையிலயும் புடிச்சுட்டு நிப்பேன். நேத்து பேசிட்டிருந்தவன் சொல்றான், "அப்பா, எங்கூட வேலை பண்றவங்க அப்பா ஒருத்தர் ஊர்ல விழுந்து, யாருமே பாக்காம அஞ்சு மணி நேரம் கிடந்திருக்காரு. எனக்கு அந்தக் கவலையே இல்லை. அந்த அக்கா உங்களை ஒரு நாள் கூட விழ விடலை"ன்னு.

ஐயா என்ற பக்கம் திரும்பலை. "ஆமா, நல்லாத்தான் பாத்துக்கறா"ன்னாரு.

"அக்கா அங்கதான் இருக்காங்களா? அக்கா, போனக் கொஞ்சம் உங்க பக்கம் திருப்புங்க"ன்னான் பையன்.

திருப்பினேன். ரெண்டு கையையும் சேத்து நெஞ்சுக்கு நேரா வெச்சு என்னையப் பாத்துக் கும்புட்டான். கண்ணு கலங்கிருச்சு அவனுக்கு. நாமளும் திருப்பிக் கும்புடோணுமல்லங்க. போனக் கீழ வெச்சுட்டுக் கும்புட்டிருக்கலாம். அப்பவாச்சும் வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இருக்கட்டுங்க தம்பி, அது என்ற கடமைதானேன்னு சொன்னேனுங்க.